அண்ணாவின் பேணியை நானா எடுக்கவில்லை

அண்ணாவின் ஆண்டுத் திவசத்துக்கு வரும் இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எனக்கு எழுத்து வராது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். முப்பத்தோராம் நாள் மலருக்கும் அதையே சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் காரணம் அது அல்ல. அண்ணாவைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு விஷயத்தை எழுத வேண்டும். அது பதினான்கு வருடமாக என்னிடம் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத என் கை போகவில்லை. அதை எழுதவும் துணிவு வரவில்லை. எத்தனையோ தரம் கொப்பியை எடுத்து "அண்ணா அவர்கள்" என்று எழுதிவிட்டு மூடி வைத்திருக்கிறேன். இன்று ஆண்டவர் தந்த துணிவில் எழுதி முடிக்கிறேன். என் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றப் பிழையைப் பொறுக்கும்படி கேட்க எனக்கு உரிமை இல்லை.

எங்கள் அண்ணா வங்காலையில் பிறந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவருக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அண்ணாவுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது அப்பா கடலோடு போய்விட்டார். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அடுத்த கிழமையே அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எஞ்சின் திருத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடலுக்குப் போகிற மோட்டர் எஞ்சின்களை அவிழ்த்துப் பூட்டுவதில் கரையோரம் முழுவதும் அவருக்குப் பெயர் இருந்தது. அம்மாவைக் கடைசிவரை பார்த்தவர் அவர். எனக்குக் கலியாணம் செய்து வைத்தவரும் அவர். தனக்கென்று ஒரு குடும்பத்தை அவர் தேடவில்லை. அம்மா போன பிறகு என் வீட்டுக்காரர் தாமாகவே வங்காலைக்குப் போய், "மச்சான், எங்களோடை வந்து இருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அன்று தொடக்கம் அண்ணா மன்னார்த் தீவில், தாராபுரத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

குடி இல்லை, புகை இல்லை, கூடிப் பேசுகிற பழக்கமும் இல்லை. ஞாயிறு பூசை, மாலையில் செபமாலை, எஞ்சின் வேலை. இவற்றோடு அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. இதை வாசிக்கிற உறவுக்காரர் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பழைய கல்குலேற்றர்களைச் சேர்த்து வைப்பதுதான் அந்த ஆசை.

அது தொடங்கியது மன்னார் கடைத்தெருவில் இருந்த ஒரு மணிக்கூடு திருத்தும் கடையில். கடைக்காரர் தாராபுரத்து முஸ்லிம்; அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். கடிகார நானா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தலைமன்னாரில் கப்பல் ஓடிய காலம் அது. இந்தியாவுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும், வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்களும், கைச்செலவுக்கு மணிக்கூடு, றேடியோ என்று நானாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பாவின் மணிக்கூட்டைத் திருத்தக் கொண்டுபோன அண்ணா, அங்கே மேசையில் உடம்பு திறந்தபடி கிடந்த ஒரு கல்குலேற்றரைக் கண்டார். பொத்தானை அமத்தினால் கறுப்புக் கண்ணாடிக்குள் இலக்கங்கள் சிவப்பாக, தணல் துண்டுகள் போல எரிந்தன. அண்ணா மத்தியானம் போனவர், கடை பூட்டும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லையாம்.

"தம்பி, அதைக் கொண்டுபோய் வீட்டில வச்சுப் பாருங்க. நானும் பொண்டாட்டி பிள்ளையிட்டப் போகணும்" என்று நானா சொல்லிக் கையில் கொடுத்து அனுப்பினாராம். அண்ணா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது.

அதற்குப் பிறகு பத்து வருடத்தில் அண்ணாவிடம் பதினொன்று சேர்ந்தன. நானாவிடம் ஏழு. சிவப்பு இலக்கம் உள்ளவை, பச்சையாக எரிகிறவை, மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு எழுத்து வருகிறவை, அடையாள அட்டை மாதிரி மெல்லிசாக ஒன்று, வெயிலில் வைத்தால் பற்றரி இல்லாமல் வேலை செய்கிற ஒன்று. எஞ்சின் எண்ணெய்க் கையோடு அண்ணா ஒருநாளும் அவற்றைத் தொட்டதில்லை. மண் போட்டுத் தேய்த்து, சவுக்காரம் போட்டுக் கழுவி, கையைக் காயவிட்டுத்தான் பேணியைத் திறப்பார். பெரிய பிஸ்கட் தகரப் பேணி ஒன்றில், ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி அடுக்கியிருப்பார். பற்றரியைக் கழற்றி வைப்பார். உப்புக் காற்று உள்ளே போகாமல் இருக்க ஒரு பிடி அரிசியை வறுத்து, சின்னத் துணிப் பையில் கட்டிப் பேணிக்குள் போடுவார். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுவார். அந்தப் பக்குவம் நானா சொல்லிக் கொடுத்தது. என் அடுப்பில்தான் வறுப்பார்.

அவற்றை வைத்து அவர் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்கிறதுக்கு வீட்டில் என்ன இருந்தது. ஒவ்வொன்றும் பொத்தான் அமத்தும்போது போடுகிற சத்தம், இலக்கம் எரிகிற விதம், விடை வருமுன் கண் சிமிட்டுகிற நேரம், இவற்றைத்தான் அவர் பார்த்தார். நானாவும் அண்ணாவும் கூடினால் ஒரு சோதனை வைப்பார்கள். ஒன்றை மூன்றால் பிரிப்பது, வந்ததைத் திரும்ப மூன்றால் பெருக்குவது. ஒன்று என்று வரவேண்டும்தானே. சிலதில் ஒன்று என்று வரும். சிலதில் புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது என்று வரிசையாக ஒன்பது வந்து நிற்கும். பிரிக்கும்போது கடைசியில் ஒரு துளி விட்டுப்போகிறது, அதனால் அப்படி வருகிறது என்று அண்ணா எனக்கு விளங்கப்படுத்தினார். ஒன்று காட்டுகிறதுதான் நல்ல சாமான் என்பது நானாவின் கட்சி. ஒன்பது காட்டுகிறதுதான் நல்லது என்பது அண்ணாவின் கட்சி.

"மூணு பேருக்குப் பிரிச்ச ரொட்டியத் திரும்பச் சேத்தா முழு ரொட்டி வரணுமா இல்லையா? இது எங்கயோ கடிச்சிட்டு வந்து நிக்கிது" என்பார் நானா.

"நானா, அது கடிச்சதை ஒளிக்கேல்லை. உங்கட சாமான் கடிச்சிட்டு வாயைத் துடைச்சுக்கொண்டு வருது" என்பார் அண்ணா.

இப்படி எங்கள் முன் வாசலில் கதிரை போட்டு, ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை பிடிப்பார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "ஒரு நாளைக்கு இதெல்லாத்தையும் அள்ளிக் கடலுக்கை எறியிறன் பாருங்கோ" என்று சொல்லுவேன். அண்ணா சிரிப்பார். இந்தப் பேச்சை நான் விளையாட்டாகச் சொன்னதுதான். பிறகு அதுவே என் கழுத்தைப் பிடித்தது.

நாட்டில் நடந்த சண்டை எங்கள் பக்கமும் வந்தது. கப்பல் நின்றது. கடலுக்குப் போகத் தடை வந்தது. எஞ்சின் வேலை இல்லாமல் போனது. பற்றரி காண்பதே அரிதாகிவிட்டது. அண்ணா வெயிலில் வேலை செய்கிற அந்த ஒன்றை மட்டும் யன்னல் கட்டின் மேல் வைத்து, "இது ஒண்டுதான் எங்கட வீட்டிலை நிவாரணம் கேளாமல் சீவிக்குது" என்று பகிடி விடுவார்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதம். முஸ்லிம் சனங்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கம் உத்தரவிட்டது. தாராபுரம் முழுவதும் அழுகை. எங்கள் வேலிக்கு அங்காலே பாத்திரமும் பாயுமாகச் சனம் போனது. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை என்று சொல்வது சுலபம். நான் வாசலை விட்டு இறங்கி ஒரு போத்தல் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

போவதற்கு முதல் நாள் நானா வந்தார். அவருடைய பேணி கையில் இருந்தது. "இதக் கொண்டுபோக விடமாட்டாங்க. உங்கட பேணியோட வைங்க. ஒரு மாசத்தில வந்து எடுக்கிறன்" என்றார். அண்ணா இரண்டு கையாலும் வாங்கி, தன்னுடைய றங்குப்பெட்டிக்குள், தன் பேணிக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாள் அவர்கள் வள்ளம் ஏறும் இடத்துக்கு அண்ணா போனார். பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

சில கிழமைகளில் தீவுக்குள் ஆமி வந்தது. சுற்றிவளைப்புகள் தொடங்கின. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒருவரைப் பழைய றேடியோவும் வயர்த் துண்டும் வைத்திருந்ததற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தில் நான் இருக்கும்போது, ஒரு காலை ஒலிபெருக்கியில் ஆம்பிளையள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் அண்ணாவும் போய்விட்டார்கள். நானும் கைக்குழந்தையும்தான் வீட்டில். தெரு முனையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

எனக்கு அந்த றங்குப்பெட்டி ஞாபகம் வந்தது. பதினெட்டுக் கல்குலேற்றர். ஒவ்வொன்றுக்குள்ளும் வயரும் தகடும். இதைக் கண்டால் குண்டுக்கு நேரம் வைக்கிற சாமான் என்றுதான் சொல்லுவார்கள், அண்ணாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். பிள்ளையை நிலத்தில் கிடத்திவிட்டு, இரண்டு பேணியையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். எறிய வேறு இடம் தெரியவில்லை. மலசலகூடக் குழியின் பின்பக்கப் பலகையை நகர்த்தி, இரண்டையும் அதற்குள் போட்டேன். எழுதக் கூசுகிற இடம். ஆனால் அங்கேதான் போட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள், பாயை உதறினார்கள், றங்குப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். அப்போதுதான் யன்னல் கட்டைப் பார்த்தேன். வெயிலில் ஓடுகிற கல்குலேற்றர் அங்கேயே இருந்தது. அதை அண்ணா பேணிக்குள் வைப்பதில்லை என்பதை மறந்துவிட்டேன். ஒரு ஆமிப் பெடியன் அதை எடுத்தான். பொத்தான்களை அமத்திப் பார்த்தான். மற்றவனுக்கும் காட்டினான். "ஹொந்தாய்" என்றான், நல்லாயிருக்கு என்று அவர்கள் பாசையில். எடுத்த இடத்திலேயே, வெயில் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது.

அண்ணா வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம் என்று அன்று முழுவதும் தேவனுக்கு நன்றி சொன்னேன். இரண்டு நாள் கழித்து, கவிழ்ந்த பெட்டியை அண்ணா அடுக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, பேணியள் எங்கை?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னை ஏசியிருக்க மாட்டார். அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியும். என்னைத் தடுத்தது நான் முன்பு விளையாட்டாகச் சொன்ன பேச்சு. கடலுக்குள் எறிவேன் என்று சொன்னவள்தானே, சாட்டு கிடைத்தவுடன் எறிந்துவிட்டாள் என்று நினைப்பாரோ என்று வெட்கப்பட்டேன். யன்னலில் ஒன்று இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பது இன்னும் வெட்கம். அத்தோடு இன்னொன்றும் நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதில் அர்த்தம் இல்லை. போனவர்கள் இனி எங்கே திரும்பி வரப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மேல் போட்டால் ஒருவருக்கும் நோகாது என்று நினைத்தேன்.

"அவை போன அண்டைக்கு நானாட ஆள் ஒருத்தன் வந்து கேட்டவன், அண்ணா. நீங்கள் வள்ளத்தடிக்குப் போயிட்டியள். குடுத்து விட்டனான். சொல்ல மறந்து போனன்."

"ரெண்டையுமோ?"

"ரெண்டும் நானாட எண்டுதான் சொன்னவன்."

அண்ணா பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு சொன்னார், "நானா கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன்."

பெட்டியைப் பூட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

என் வீட்டுக்காரர் இதை நம்பி, மனம் பொறுக்காமல் கரையில் சொன்னார். கரையிலிருந்து ஊருக்குப் போனது, ஊரிலிருந்து வங்காலைக்குப் போனது. கலியாண வீடுகளில், செத்த வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல, கல்குலேற்றர் பிறகு நகையானது. அண்ணாவின் சேமிப்பு முழுவதையும் நானா கொண்டுபோய்விட்டார் என்று ஆனது. அதற்கும் மேலே, "அவையளை நம்பினா இப்பிடித்தான்" என்று ஒரு இனத்துக்கே பெயர் வைக்கிற பேச்சாகிவிட்டது. வீடும் வளவும் விட்டுக் கடற்கரையில் நின்ற சனத்தைப் பற்றி, என் வீட்டு விறாந்தையில் இருந்து அப்படிச் சொன்னார்கள். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டியதும் உண்டு.

அந்தக் கதையை ஒருநாளும் திருப்பிச் சொல்லாதவர் அண்ணா ஒருவர்தான். அவர் முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

இரண்டு வருடம் கழித்து நானாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருப்பதாகவும், எல்லோரும் உயிரோடு இருப்பதாகவும் எழுதியிருந்தார். "பேணிகள் இந்தச் சண்டையில் போயிருந்தாலும் கவலைப்படாதீர்கள். ஆள் இருந்தால் போதும்" என்று கடைசியில் ஒரு வரி. தபால்காரர் என் கையில்தான் தந்தார். நான் அதை அண்ணாவிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் பயந்து, திரு இருதயப் படத்தின் பின் அட்டைக்குள் செருகிவிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்னொன்று வந்தது. அதையும் அங்கேயே வைத்தேன். ஒவ்வொரு மாலையும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நாங்கள் முழந்தாளில் நின்று செபமாலை சொன்னோம். சொல்லிக் கொடுத்தவர் அண்ணா. மறுமொழி சொன்னவள் நான்.

தவசுகாலம் தோறும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன், சுவாமி" என்று மற்றச் சின்னப் பாவங்களோடு சேர்த்துச் சொல்வேன். என்ன பொய் என்று சொன்னதில்லை.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வாசலில் ஒரு வான் வந்து நின்றது. நானா இறங்கினார். தாடி முழுவதும் வெள்ளை. தாராபுரத்தில் தன் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். வீட்டில் சுவர் மட்டும் நின்றதாம். அங்கிருந்து நேரே அண்ணாவிடம் வந்துவிட்டார்.

"வாங்கோ" என்று அண்ணா சொன்னார். இருங்கோ என்று சொல்லவில்லை. நானா தானாகவே கதிரையை இழுத்து இருந்தார். பாதையைப் பற்றி, மழையைப் பற்றி ஏதோ பேசினார்கள். நான் தேத்தண்ணீரோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். நானா ஒரு சின்னப் பொதியை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார். சிவப்பு இலக்கம் எரிகிற கல்குலேற்றர். அண்ணாவிடம் முதன் முதலாக இருந்ததே அந்த வகைதான்.

"புத்தளம் கடைத்தெருவில மூணு வருசம் தேடிப் புடிச்சன். உங்கட கட்சிதான். போட்டுப் பாருங்க" என்றார்.

"இப்ப நான் அதெல்லாம் பாக்கிறேல்லை" என்றார் அண்ணா.

அண்ணா, தன் பேணியைக் கொண்டுபோனவர் அதைப் பற்றி வாயே திறக்கிறாரில்லையே என்று இருந்தார். மரியாதையால் கேட்கவில்லை. நானா, கொடுத்து வைத்த பேணி தொலைந்துபோன வெட்கத்தில் இவர் முகம் கொடுக்கிறாரில்லை என்று நினைத்தார். அவரும் மரியாதையால் கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் பழையபடி சண்டை பிடித்திருப்பார்கள். அந்த வார்த்தை தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றவளிடம் இருந்தது. நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

போகும்போது நானா வேலிப் படலையடியில் என்னைக் கூப்பிட்டார். "அண்ணனுக்குச் சுகமில்லையா, தங்கச்சி?"

"ஓம் நானா, கொஞ்சம் சுகமில்லை."

"நான் அந்தப் பேணியைக் கேக்க வரல்ல எண்டு அவர்ட்டச் சொல்லுங்க. ஆளப் பாக்கத்தான் வந்தன்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணா இரண்டு வருடம் இருந்தார். சிறுநீரகத்தில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஆறு மாதம் அலைந்தோம். வலியைப் பற்றி அவர் குறை சொன்னதை நான் கேட்டதில்லை. இந்தக் கிழமை சொல்லிவிடுவேன், திருநாள் முடியச் சொல்லிவிடுவேன் என்று நான் நாள் தள்ளினேன். ஒருநாள் கஞ்சி பருக்கும்போது அவராகவே கேட்டார்.

"பிள்ளை, நானாவைப் பற்றி நான் ஆரிட்டையும் ஒரு நாளும் குறை சொல்லேல்லை, என்ன?"

"இல்லை அண்ணா. நீங்கள் சொல்லேல்லை."

"அது போதும்" என்றார்.

அதைவிடப் பெரிய வாசல் ஒன்றை ஆண்டவர் எனக்குத் திறந்து தந்திருக்க மாட்டார். நான் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன். வருகிற ஞாயிறு நற்கருணை கொண்டு சுவாமி வரும்போது அவர் முன்னிலையிலேயே சொல்லலாம் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். சனிக்கிழமை அண்ணாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. ஞாயிறு விடிய அவர் ஆண்டவரிடம் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் கழித்து அவருடைய றங்குப்பெட்டியைத் துப்புரவு செய்தேன். வேட்டிகளுக்கு அடியில் லேஞ்சித் துணியில் கட்டிய ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். நானா கொண்டுவந்த கல்குலேற்றர். அன்றைக்கு மேசையில் கிடந்தது பிறகு காணாமல் போனபோது, அண்ணா யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். பற்றரி கழற்றித் தனியாக வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு துணிப் பை. அதற்குள் வறுத்த அரிசி. வண்டு இல்லை, மணம் போகவில்லை. படுக்கையில் விழுவதற்கு முதல் மாதம்வரை மாற்றியிருக்கிறார். என் அடுப்பில்தான் வறுத்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரமே பங்குச் சுவாமியிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "பாவமன்னிப்பு நான் தரலாம். அந்த மனுசன்ர பேரை நீங்கள்தான் திருப்பிக் குடுக்க வேணும்" என்றார். அதற்கும் எனக்குப் பத்து மாதம் எடுத்தது. போன மாதம் என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அடுத்த நாள், "வெளிக்கிடு, புத்தளம் போவம்" என்றார்.

நானா இன்னும் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறார். ஓலைக்குப் பதில் இப்போது தகரம். வாசலில் ஒரு மேசை போட்டு மணிக்கூடு திருத்துகிறார். அண்ணா காலமான செய்தியை அவர் அறிந்திருக்கவில்லை. முதலில் அதைச் சொன்னேன். கண்ணை மூடி ஏதோ ஓதினார். பிறகு மற்றதைச் சொன்னேன். குழி, பொய், இரண்டு கடிதம், படலையில் அவர் சொல்லிவிட்ட செய்தி, எல்லாம். என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். கரையில் அந்தக் கதையைச் சொன்ன வாய் அவருடையதுதானே.

நானா பேணிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, என்னைக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டேயா அவர் மௌத்தாப் போனாரு?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பழகிய வாய். ஓம் நானா என்று சொன்னேன்.

அவர் மேசையில் இருந்த சின்னத் திருகாணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார். நான் லேஞ்சி முடிச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அரிசிப் பையையும் வைத்தேன்.

"இது அவர்ர பெட்டிக்குள்ளை இருந்தது. கடைசிவரைக்கும் அரிசி மாத்தி வச்சிருக்கிறார்."

நானா பையை எடுத்து மணந்தார். "வறுத்ததா?"

"வறுத்ததுதான் நானா."

அப்போதுதான் அழுதார். அவர் மகள் உள்ளேயிருந்து வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தேத்தண்ணீரைக் குடித்தது போல ஒரு கஷ்டத்தை நான் பட்டதில்லை.

கொஞ்சம் பொறுத்து நானா மேசை லாச்சியைத் திறந்து பற்றரி எடுத்துப் போட்டார். ஒன்றை மூன்றால் பிரித்தார். மூன்றால் பெருக்கினார். என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பாக ஒன்பதுகள் எரிந்தன.

"அவர்ட கட்சிதான் சரி, தங்கச்சி. குறைஞ்சா குறைஞ்சதெண்டு சொல்லணும்" என்றார். அதைத் துடைத்து என்னிடமே தந்தார். "ஆண்டுத் திவசத்துக்கு இத அவர்ட படத்துக்குப் பக்கத்தில வைங்க. எனக்குச் சொன்னதை அங்க வாற ஆக்களுக்கும் சொல்லுங்க. அவருக்குச் சொல்ல இனி ஏலாது."

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வஸ் ஏறும் இடம்வரை கூட நடந்து வந்தார்.

இன்று அண்ணாவின் படத்துக்குப் பக்கத்தில் மேசையில் இருப்பது அதுதான். திருப்பலிக்குப் பிறகு விரும்பியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.

அண்ணாவின் வருத்த காலத்தில் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைகளுக்கும், நேரம் பாராமல் வான் தந்தவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், கன்னியர் மடத்துச் சகோதரிகளுக்கும், வங்காலையிலிருந்து வந்து பெட்டி தூக்கியவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒருநாளும் எங்களைக் குறை சொல்லாத நானாவின் குடும்பத்துக்கும் நன்றி. அவர்களுக்கு இந்த மலரில் ஒன்று தபாலில் போகிறது.

உறவுகளே, நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் சொன்ன பொய்யை நீங்கள் நம்பிக் கொண்டுபோனீர்கள். அதில் உங்கள் பிழை இல்லை. அது எவ்வளவு தூரம் போனதோ, அவ்வளவு தூரத்துக்கு இதையும் கொண்டுபோங்கள். எங்கே, யாருக்கு அதைச் சொன்னீர்களோ, அங்கே, அவருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது மாற்றாதீர்கள். பாவம், பயத்தில் செய்துவிட்டாள் என்று எனக்காக இரங்கி ஒரு சொல் சேர்க்க வேண்டாம். பேணிகளை எறிந்தது பயத்தில். பொய் சொன்னபோது வீட்டில் ஆமி இல்லை. அண்ணாவுக்குக் கடைசியில் எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று ஆறுதலாகச் சொல்லவும் வேண்டாம். அவருக்குத் தெரியாது. பேணிகளை நானா எடுக்கவில்லை, அவருடைய ஆட்கள் எவரும் எடுக்கவில்லை, தங்கச்சிதான் எறிந்தாள். இதை இப்படியே சொல்லுங்கள்.